புட்டியில் ஊற்றிய தண்ணீர்

ஐப்பசி 4, திங்கள். விடிந்தது முதல் மழை.

தாய்மார்களே! கருப்பைவாயில் முளைத்த சிறு கட்டியை வெட்டிப் புட்டியில் இட்டு, "லேப்ல நீங்களே குடுத்துடுங்க" என்று கணவர் கையில் திணிக்கிறார்களே, இது எந்த ஊர் முறை? மேடையில் கேட்க வேண்டியது. இப்போதைக்கு இந்த ஏட்டிடம்.

எனக்கு வெட்டியது வெள்ளிக்கிழமை, தாம்பரத்தில். புட்டி இன்றுதான் பல்லாவரம் சோதனைக்கூடத்தில் சேர்ந்தது.

வாங்க: பஞ்சு, மாத்திரை, குடை.

5, செவ்வாய். தெருவில் கணுக்கால் தண்ணீர்.

சோதனைக்கூட மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார்; பெண். "மேடம், பாட்டில்ல சதை கெடாம இருக்க ஊத்துற பார்மலின் வாசனையே இல்ல. தண்ணி ஏதாவது ஊத்தினீங்களா?"

இல்லை என்றேன், உறுதியாக. திரும்பினால், என் கணவர் தலை குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

"வெள்ளிக்கிழமை நீ ஆட்டோல வீட்டுக்கு வந்துட்ட. என் வண்டி முடிச்சூர் ரோட்டுல குலுங்கி மூடி கழண்டுடுச்சும்மா. மருந்து பூரா கொட்டிப்போச்சு. சதை காஞ்சிடக் கூடாதேன்னு கேன் தண்ணி ஊத்தினேன்."

"கேன் தண்ணீரா!"

"நல்ல தண்ணிதான்மா."

கத்தினேன். பக்கத்து வீட்டுச் சன்னல் சாத்தப்பட்டது.

பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை, "முதலில் பொத்தேரிக் கூட்டம், பிறகு சோதனைக்கூடம்" என்றவள் நான். இரண்டு மணி நேரம் முழங்கினேன். திரும்பியபோது கூடம் பூட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு.

7, வியாழன். மழை இல்லை.

முடிவு. அரிய வகைப் புற்று. தொடக்க நிலை.

அதே மருத்துவர்: "நடுவுல தெளிவா தெரியுது மேடம். ஓரம் அழுகிடுச்சு. முழுசா வெளிய வந்துடுச்சா, உள்ள மிச்சம் இருக்கான்னு என்னால சொல்ல முடியல. இந்த வகை வேகமா பரவும். காத்திருக்காதீங்க."

என் கணவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது.

8, வெள்ளி. வெயில்.

கட்டியை வெட்டிய தாம்பரம் மருத்துவமனை. வரவேற்பில் இருந்த பெண்: "டாக்டர் ஊருக்குக் கிளம்பிட்டாருக்கா. தீபாவளி கழிச்சு வாங்க. ஆமா, பொத்தேரில பேசினது நீங்கதானே? வீடியோ பார்த்தேன். செம்ம!"

என் கணவர் மெல்ல, "வாம்மா, அப்புறம் வரலாம்."

நான் நகரவில்லை. அறைக் கதவு திறந்தது. மருத்துவர், கையில் வண்டிச் சாவி. வழியில் நின்றேன்.

"ஐயா, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஸ்கேன் படம் எடுக்க இப்போதே எழுதுங்கள். புற்று அறுவை மருத்துவரிடம் இங்கேயே, என் எதிரில் பேசுங்கள். பேசிவிட்டு ஊருக்குப் போங்கள்."