உன் அம்மா டாக்டரிடம் கேட்ட கேள்வி

என் உயிர் தோஸ்து தேசிங்குக்கு,

நீ போன பிறகு காசிமேட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. என் உடம்பில்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நமக்கு ஒரே வியாதி, மனச்சிதைவு. ஒரே மாத்திரை. ஆஸ்பத்திரி பெஞ்சில்தானே பழகினோம்? மாத்திரை போட்டதும் காதுக்குள் பேசியவர்கள் அடங்கினார்கள். பசிதான் அடங்கவே இல்லை. "இன்னா மாமு, வவுத்துக்குள்ள எவனோ குந்திகினு துண்றானா?" என்று பரோட்டா கடையில் சிரிப்பாய். ரெண்டு பேரும் ஊதிப்போனோம். "புள்ளைங்க நல்லா தேறிகினு கீதுங்க" என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

அன்றைக்கு நெஞ்சை அழுத்துது என்றாய். பக்கத்து கிளினிக்கில் உன் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "மனசு பிரச்சனைதான், பயத்துல வர்றது" என்று தூங்க ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடிந்தபோது நீ இல்லை. மாரடைப்பு. உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒரு ஈசிஜி எடுத்திருந்தால்?

அந்த மாத்திரைதான் உன்னைக் கொன்றதோ என்ற பயத்தில் நான் அதை நிறுத்தினேன். குரல்கள் திரும்பிவிட்டன. அதில் ஒன்று உன் குரல். "வாடா மாமு, கடலுக்குள்ள வா." ஹார்பர் கல்லு மேல் நின்றிருந்த என்னை, மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தது உன் அம்மாதான்.

ஈரச் சேலையோடு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது. "இன்னா டாக்டரம்மா, மண்டைக்குள்ள சத்தம் அடங்குனா போதுமா? நெஞ்சுன்னு ஒன்னு கீதே, அத யாரு பாக்குறது? எம்புள்ளைக்கு யாரும் பாக்கல. இவனுக்குப் பாருங்க."

டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், எல்லாமே ஏறியிருந்தது. "மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. வேற மாத்தித் தர்றேன்" என்றார்.

புது மாத்திரையில் குரல்கள் அடங்கிவிட்டன. இப்போது சர்க்கரைக்கும் ஒன்று போடுகிறேன். தினம் உன் அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறேன். பஜ்ஜி கடைப் பக்கம் திரும்பினால் முதுகில் ஒரு அடி விழும். பேண்ட் லூசாகிவிட்டது, தெரியுமா? நான் யார் என்று யாராவது கேட்டால், "என் சின்ன மவன்" என்கிறது அம்மா.

நேற்று எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கோடெல்லாம் ஒயுங்கா கீதாடா?"

"கீதும்மா."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதது.

நெஞ்சில் வலித்தால் மறைக்க மாட்டேன் தேசிங்கு. மனசு பிரச்சனை என்று யார் சொன்னாலும், நெஞ்சைப் பார்க்காமல் வீடு திரும்ப மாட்டேன்.

இப்போது உன் தம்பியாகிவிட்ட
செல்வம்