சிநேகா மன்னிப்புக் கேட்கமாட்டாள்

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மோகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை சிநேகாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் எங்களுக்கு அது போதும். போனில் பேசினால் இருவரும் கத்திக்கொள்கிறோம், அதனால் எழுதுகிறேன். மாமல்லபுரம் காதுகுத்தில் நடந்ததை என் அண்ணன் கண்ணாயிரம் சொல்லித்தான் நீ கேட்டிருக்கிறாய், நான் பார்த்தது இது. போட்டோ எடுக்க உட்கார்ந்தபோது உன் கண்ணாயிரம் மாமா சிநேகாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் கையைத் தள்ளிவிட்டு எழுந்து, "வேணாம் மாமா, கேட்டுட்டுத் தொடு" என்று சத்தமாகச் சொன்னாள். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஜெயக்குமார், "இன்னா மாமா, மனு எழுதி கையெழுத்து வாங்கினு வா" என்று கிண்டலடிக்க மண்டபமே சிரித்தது. மாமா சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். வாசலில் என்னை நிறுத்தி, "தூக்கி வளத்த கை இது. கொழந்தைக்கு இன்னாத்த சொல்லிக் குடுத்துகினு கீற அம்சா? அவ மன்னிப்பு கேட்டாதான் மோகன் கல்யாணத்துக்கு மாமன் சீர் வரும்" என்றார். ஒரு சாரி சொல்லவைத்தால் முடிந்துவிடும் என்கிறாய் நீயும்.

சொல்லமாட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, புத்தி மெதுவாக வளர்ந்தாலும் உடம்பு வளர்ந்துவிட்டது. போன வருஷம் பஸ்ஸில் ஒருவன் அவள் மேல் கைவைத்தானே, ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்டதற்கு, "பெரியவங்க தொட்டா சும்மா இருக்கணும்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் செங்கல்பட்டில் அவள் போகும் சிறப்புப் பள்ளியில் துர்காதேவி டீச்சர் நடத்தும் வகுப்புக்கு அவளோடு நானும் போகிறேன். துணிப் பொம்மையை வைத்து உடம்பில் எதற்கு என்ன பெயர், நாப்கினை எப்படி மாற்றுவது, எங்கே யார் தொடலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார். ஆசை வருவது தப்பில்லை, அது கதவைச் சாத்திய அறைக்குள் இருக்கவேண்டியது என்பதும் பாடம்தான். கூச்சப்பட்டது நான்தான், அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மாமா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாமாவுக்கு ஒரு சட்டம், பஸ்ஸில் வருகிறவனுக்கு ஒரு சட்டம் என்றால் அவளுக்குப் பிடிபடாது. இன்று மன்னிப்புக் கேட்கவைத்தால், வேண்டாம் என்று சொன்னதுதான் குற்றம் என்று நினைத்துக்கொள்வாள். மறுபடி யாரிடமும் சொல்லமாட்டாள்.

இதை அண்ணன் வீட்டுக்குப் போய் நேரிலும் சொல்லிவிட்டேன். அண்ணி காப்பி கொடுத்தாள், அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை, இருந்தாலும் சீர் வராவிட்டால் மாலையை அப்பா எடுத்துக் கொடுப்பார். பெண் வீட்டார் கேட்டால் காரணத்தை நானே சொல்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக ஊர் வந்து சேர், எல்லா நலமும் உனக்கு உண்டாகட்டும். ஒன்று மறக்காதே. விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தூக்கிச் சுற்றுவாய். இந்த முறை முதலில் கேள். வேண்டாம் என்றால் அங்கேயே நில், நாலு பேர் பார்த்தாலும் பரவாயில்லை.

உன் அம்மா,
அம்சா