பேச்சியம்மா கண்ணு

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் டிலானிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் மாரியம்மா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைப் பாட்டைக் கேட்டாவது தெரிந்துகொள்ளலாம் என்றால் குரலை மெஷினுக்குள் விட்டு எடுத்துவிடுகிறாய், சளி பிடித்திருக்கிறதா, அழுதாயா, சாப்பிட்டாயா, ஒன்றும் பிடிபடவில்லை. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனைக் கையில் எடுத்தால் வாய் வரமாட்டேன் என்கிறது, இதுவும் பாட்டில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மழை விடவே இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் பெக்டரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். தம்பி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்து, உன் பாட்டை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பேச்சியம்மா அக்காவைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் டீச்சர் வேலைக்காகக் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் தங்கிப் படித்த காலத்தில் எதிர் வீட்டிலிருந்து உன்னை வளர்த்தது அவர்தான், அதை நான் சொல்லத் தேவையில்லை, நீ பெரியம்மா என்று கூப்பிட்ட பிறகுதான் அம்மா என்று சொல்லவே பழகினாய். பெர்லினில் மேடை ஏறுகிற அன்று தொண்டை கட்டிக்கொண்டது என்று அழுதாயே, அன்று காலையில்தான் அக்கா என் போனில் உன் படத்தைப் பார்த்து, எம் மக எம்புட்டு அழகாயிட்டா பாரு ரஜி என்று விரலால் தடவினார். அதனால்தான் மிளகாயும் உப்பும் சுற்றி உனக்குப் பேசி அனுப்பியபோது ஊர் கண்ணு, உறவு கண்ணு, பேச்சியம்மா கண்ணு, பெத்தவ என் கண்ணு என்று வரிசையாகச் சொன்னேன். கழிக்கும்போது பார்த்தவர்கள் எல்லார் பேரையும் சொல்வதுதானே வழக்கம், அதில் பகை ஒன்றும் இல்லை. நான் பேசி அனுப்பியதை எடுத்துப் பாட்டில் போட்டபோது நீ என் கண்ணை வெட்டிவிட்டாய், ஊரையும் உறவையும் வெட்டிவிட்டாய், அக்கா பேரை மட்டும் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுற்றவிட்டாய். நான் துப்பிய சத்தத்தையே தாளமாக்கியிருக்கிறாய். கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அக்கா மகன் துஷாந்துக்கு அது என்ன என்றே தெரியாது. அம்மா, டிலானி பாட்டுல ஒம் பேரு வருது என்று பெருமையாகத் தன் ஆட்டோவில் சத்தம் கூட்டிப் போட்டிருக்கிறான். அக்கா பின் சீட்டில் இருந்து முழுவதையும் கேட்டுவிட்டு, அது கண்ணு கழிக்கிறப்ப சொல்றதுடா என்றாராம், அவ்வளவுதான். பிறகு கடைத்தெருப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், கண்ணுக்காரம்மா வருது, சோத்த மூடுங்கடா என்று. அதைக்கூட விடலாம். நம் தோட்டத்து லய வீடுகளில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் முதல் தண்ணீர் ஊற்ற அக்காவைத்தானே கூப்பிடுவார்கள், உனக்கும் அவர்தான் ஊற்றினார். மேல் லயத்தில் மீனம்மா மகளுக்குப் பிள்ளை பிறந்து அக்காவைக் கூப்பிடவில்லை. அவர் எண்ணெய்யும் துண்டும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அக்காவிடம் போய்ப் பேசினேன். நீங்க என்னா டீச்சர் செய்வீங்க என்றார். இத்தனை வருஷம் ரஜி என்று கூப்பிட்டவர். இப்போது நம் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறார், சுவரில் உன் படம் தெரியும் அல்லவா. பாப்பா வாறப்ப முன்கூட்டியே சொல்லுங்க, நான் கதவச் சாத்திக்கிறேன் என்றார்.

அந்த இடத்தை வெட்டலாம் அம்மா, ஆனால் ஆளாளுக்கு எடுத்து ஆடிவிட்டார்கள், இனி வெட்டி என்ன என்று எழுதியிருந்தாய். உண்மைதான். இத்தனை வருஷம் இது பாட்டே இல்லை என்று எல்லா ரேடியோக்காரர்களும் திருப்பி அனுப்பினார்கள், இந்தப் பாட்டுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டார்கள். அதை எடு என்று எந்த வாயால் சொல்வேன். வைத்துக்கொள் என்றும் சொல்ல முடியவில்லை. படித்தவள், பத்துப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவள், இதில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

உனக்கு மறுபடி இருமல் என்று தம்பி சொன்னான். நேற்று அந்திக்கு மிளகாய் எடுத்தேன். பேர் சொல்லும் இடம் வந்ததும் நாக்கு எழவில்லை, சும்மா சுற்றி அடுப்பில் போட்டேன். கண்ணு பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள், நேற்று நெடி தாங்க முடியவில்லை, அப்பா வெளியே ஓடினார். எதிர் வீட்டில் அக்காவும் இருமினார். யாருக்குச் சுற்றினேன் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். ஜன்னலை மூடுவார் என்று பார்த்தேன், மூடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

மாரியம்மா உன் தொண்டைக்கும் பாட்டுக்கும் காவலாக இருக்கட்டும். சுடுதண்ணீர் குடி, கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. சித்திரைக்கு வரும்போது பையை நம் வாசலில் வைத்துவிட்டு முதலில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டு. திறக்காவிட்டாலும் நின்று தட்டு. போனை மட்டும் பைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போ மகளே.

எந்நாளும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
ரஜிதா கோகுலராஜ்.