ஆலங்கட்டி என்றுதான் சொன்னேன்

ஏப்ரல் 4, திங்கள்

வலது தோள் இன்றைக்கும் பிடித்துக்கொண்டது. பியத்ராஸ் நெக்ராஸ்தான் காரணம். டிவியில் வானிலை சொல்லும்போது என் பின்னால் இருக்கும் வரைபடத்தில் அந்த ஊர் மேல் மூலையில் இருக்கிறது. எங்கள் சேனல் எங்கள் ஊரான மொந்தெர்ரேயைத் தாண்டினால் தெரியாது. பியத்ராஸ் நெக்ராஸில் ஒரு நாய்கூட எங்களைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த ஊர் வெயிலை நான் தினமும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதைத் தொட எக்க வேண்டும். எக்கினால் உடை மேலே ஏறும்.

இஞ்சினியர் த்ரெவின்யோவின் உத்தரவு. அவர் வாழ்நாளில் ஒரு பாலம்கூடக் கட்டியதில்லை. இந்த ஊரில் பணமுள்ள ஆணெல்லாம் இஞ்சினியர்தான். சேனல் அவருடையது. என் உடைகளைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான்.

வெராக்ரூஸ் வரை போய் வானிலையியல் படித்தேன். எதற்கு? எக்குவதற்கு.

விளையாட்டுச் செய்தி வாசிக்கும் தேமோ மூன்று வருடமாக ஒரே பழுப்புக் கோட்டில் வருகிறான். அதில் ஒரு பொத்தான் கிடையாது. யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஏப்ரல் 7, வியாழன்

யாதிரா குழந்தையோடு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, ரொமினாவுக்கு நீதான் ஞானத்தாய். மறுப்பு சொன்னேன்னா பிள்ளையை இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

"விட்டுட்டுப் போ. யார் வேண்டாங்கிறது?" என்றேன். பிறகு அழுதேன். என் தங்கையும் சேர்ந்து அழுதாள். குழந்தை மட்டும் தூங்கியது.

ஞானஸ்நான உடுப்பு ஞானத்தாய்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். வெள்ளைச் சரிகை, கடுகு போலச் சின்னச் சின்னப் பொத்தான்கள். எனக்கென்று ஒரு பிள்ளை இல்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. இது ஒன்று போதும் எனக்கு.

ஏப்ரல் 10, ஞாயிறு

எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

பூசை முடிந்து பங்கு அலுவலகத்துக்குப் போனோம். ஞானஸ்நான வகுப்புக்குப் பெயர் பதிகிறவர் டோன்யா கிராசியேலா. வேறு யாரும் இல்லை, இஞ்சினியரின் மனைவி. யாதிரா என் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"ஞானத்தாய்னா பிள்ளைக்கு ஒரு முன்மாதிரிம்மா. நீ தினமும் ஊர் முன்னாடி எந்தக் கோலத்துல நிக்கிறேன்னு உனக்கே தெரியும்."

"அது என் வேலைம்மா."

"எங்க வீட்ல வானிலை வந்தாலே டிவிய அணைச்சிடுவேன். கல்யாணப் பொண்ணு இருக்கிற வீடு." அப்புறம் என் தங்கை பக்கம் திரும்பினார். "வேற நல்ல பொண்ணாப் பாரும்மா. மே மாசத்துக்குள்ள சொல்லு."

நல்ல பெண். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்!

அந்தக் கோலத்தைப் போட்டுவிட்டதே உன் புருஷன்தான்டி. நுனிநாக்கு வரைக்கும் வந்தது. யாதிரா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வெளியே அறிவிப்புப் பலகையில் அவர்கள் மகள் பவுலினாவின் கல்யாண அழைப்பு ஒட்டியிருந்தது. இருபத்துமூன்று, சனிக்கிழமை. கோவிலில் பூசை, மாலையில் சந்தியாகோ மலையடிவாரத் தோட்டத்தில் திறந்தவெளி விருந்து. நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

மாட்டேன். நல்லா இருக்கட்டும் என்று மனதார நினைக்க என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 12, செவ்வாய்

விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்க இஞ்சினியர் அறைக்குப் போனேன். சுவரில் பெரிய டிவி. நேற்றைய என் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அவர் போனில் யாரோடோ மாட்டு விலை பேசிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த என்னை.

"சத்தம் வேலை செய்யலையா சார்?"

"எதுக்கு சத்தம்?" என்றார். கேலிகூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

வீட்டில் மனைவி அணைத்துவிடுகிறார். ஆபீஸில் கணவர் வாயை அடைத்துவிடுகிறார். நல்ல ஜோடி.

ஏப்ரல் 19, செவ்வாய்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரத்தில்தான் புத்தி நன்றாக வேலை செய்கிறது.

வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது. வளைகுடாப் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறுகிறது. இரண்டும் மலையடிவாரத்தில் முட்டிக்கொள்ளப் போகின்றன. எப்போது என்று பார்த்தேன். சனிக்கிழமை மாலை. நம்பாமல் மறுபடியும் பார்த்தேன். சனிக்கிழமை மாலையேதான்.

ஆலங்கட்டி. சின்னது இல்லை.

ஆண்டவரே, இது உம்முடைய வேலையா? நான் கேட்கக்கூட இல்லையே!

ஏப்ரல் 20, புதன்

பொய் சொல்லப் போவதில்லை. மறைக்கப் போவதில்லை. என் வேலையை ஒழுங்காகச் செய்யப் போகிறேன். அவர்கள் கொடுத்த உடையில், அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று சொல்லப் போகிறேன். அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். இஞ்சினியர் அறைக் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டேன். நான்தான் நல்ல பெண் இல்லையே.

இன்று சொன்னது வார்த்தைக்கு வார்த்தை: "சனிக்கிழமை மாலை சந்தியாகோ மலையடிவாரத்தில் ஆலங்கட்டி மழை பெய்யும். தோட்டத்தில் விருந்து வைத்திருப்பவர்கள் கூரை தேடிக்கொள்ளுங்கள்."

சேனலின் இணையப் பக்கத்தில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். கீழே ஊரே எழுதியிருக்கிறது. என் இடுப்பைப் பற்றி, என் வயதைப் பற்றி, இவளுக்கு அப்பன் அண்ணன் கிடையாதா என்று ஒருவன். மேலே இரண்டு வரி தள்ளி என் போன் நம்பர் கேட்டிருப்பவனும் அவனே. ஆலங்கட்டி என்ற சொல்லை ஒருவர்கூட எழுதவில்லை.

ஏப்ரல் 21, வியாழன்

மறுபடியும் சொன்னேன். இன்னும் நிறுத்தி நிதானமாக.

ஏப்ரல் 22, வெள்ளி

இஞ்சினியர் சிவப்பு உடையை அனுப்பியிருந்தார். மூச்சு விட்டால் தையல் விடும். கல்யாண வீட்டு உற்சாகத்தில் தானே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அழைப்பு உண்டு, எனக்கு மட்டும் இல்லை. தேமோ புது டை வாங்கியிருக்கிறான்.

ஒரு நிமிடம் மனம் இளகியது. அந்தப் பெண் பவுலினா என்ன பாவம் செய்தாள்? வாயைத் திறந்தேன்.

"சார், நாளைக்கு சாயங்காலம்..."

"பேசாத. திரும்பு. இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல. ஆ, அப்படியே."

திரும்பினேன். அப்படியே நின்றேன். விளக்கு எரிந்ததும் ஆலங்கட்டி, சந்தியாகோ, சனிக்கிழமை என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். கேமராவுக்குப் பின்னால் அவர் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், மறுமுனையில் கல்யாண அலங்காரக்காரன்; நான் சொன்னது எங்கே காதில் விழப்போகிறது.

இனி என் மேல் குற்றமில்லை.

ஏப்ரல் 23, சனி

வந்துவிட்டது. ராடாரில் மலை மேல் கருஞ்சிவப்பு. சன்னல் ஓரம் காப்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு அந்தப் பெண்ணின் வெள்ளை உடை ஞாபகம் வந்தது. காப்பி கசந்தது. இருந்தாலும் குடித்து முடித்தேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு

தேமோ போன் செய்தான். சிரிப்பும் தும்மலுமாக வந்தது.

"தாயே, நீ வராம போனியே! எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமா விழுந்துச்சு. கேக்கு போச்சு, கூடாரம் போச்சு. அக்கார்டியன்காரன் மேசைக்கு அடியில. சாமியார் தலைக்கு மேல ஆட்டுக்கறித் தட்டு."

"யாருக்காவது அடியா?"

"புடைப்புதான். நிஜ அடி சமையல்கட்டுலதான் விழுந்துச்சு, கேளு."

எல்லோரும் சமையல்கட்டுக்குள் ஓடி நெருக்கிக்கொண்டு நின்றார்களாம். டோன்யா கிராசியேலா தலைமுடி கலைந்து, மை வழிந்து, கணவரைப் பார்த்து, "சேனல் வச்சிருக்கீங்க. ஒரு மழை வர்றது தெரியாதா?" என்று கேட்டாராம். போனில் சூரியன் படம்தான் இருந்தது என்றாராம் இஞ்சினியர்.

அப்போது மாப்பிள்ளையின் மாமா, பல் டாக்டர், நனையாத கோட்டோடு மூலையிலிருந்து பேசியிருக்கிறார். "உங்க சேனல்லதான் மூணு நாளா சொன்னாங்களே. என் கிளினிக்ல டிவி என் முதுகுப் பக்கம். சத்தம் மட்டும்தான் எனக்கு வரும். அந்தப் பொண்ணு தெளிவா சொல்லிச்சு, ஆலங்கட்டின்னு. உங்ககிட்ட வேற ஏற்பாடு இருக்கும்னு நினைச்சேன். நான் குடை எடுத்துட்டு வந்தேன்."

டோன்யா கணவர் பக்கம் திரும்பினாராம். "தினமும் ஆபீஸ்ல உட்கார்ந்து பாக்குறீங்களே?"

"நான் சத்தம் வச்சுப் பாக்குறதில்ல."

தேமோ இங்கே நிறுத்தி மூக்கைச் சிந்தினான். பாவி, அங்கேயா நிறுத்துவது!

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அந்தம்மா சாமியார் முன்னாடியே கேட்டாங்க. 'சத்தமில்லாம வானிலையில என்னத்தப் பாத்தீங்க?'"

கூரையில் ஆலங்கட்டிச் சத்தம் மட்டும்.

ஏப்ரல் 25, திங்கள்

இஞ்சினியர் கூப்பிட்டார்.

"தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலையே நீ."

"மூணு நாள் சொன்னேன் சார். உங்க சேனல்லதான்."

"நேர்ல வந்து சொல்லணும்."

"வெள்ளிக்கிழமை வாயத் திறந்தேன். பேசாத, திரும்புன்னீங்க."

மேசையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். டிவி அணைந்திருந்தது. என்னை வேலையைவிட்டு அனுப்ப அவருக்குக் கை துறுதுறுக்கிறது, தெரிகிறது. ஆனால் வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் பல் டாக்டர் கதையைச் சொல்கிறாராம். அவர்களால் மறுத்துப் பேசவும் முடியாது. ஊர் முழுக்க இதே பேச்சு. இப்போது என்னை அனுப்பினால் சிரிப்பு இன்னும் பெரிதாகும். அது அவருக்கும் தெரிகிறது.

"நாளையிலேர்ந்து உனக்குப் பிடிச்ச உடுப்பப் போட்டுக்க," என்றார்.

"சரிங்க சார்." நன்றி சொல்லவில்லை.

ஏப்ரல் 28, வியாழன்

யாதிராவுக்குச் சொல்லாமல் தனியாகப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். டோன்யா கிராசியேலா நெற்றிப் புடைப்பை முடியால் மூடியிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"வேணும்னுதானே செஞ்ச?"

"மழையையாம்மா?"

"என் பொண்ணு அழுதா. உனக்கு இரக்கமே இல்லையா?"

இந்த இடத்தில்தான் எனக்கு அடங்காமல் போனது. "உங்க பொண்ணு ஒரு சாயங்காலம் அழுதா. நான் எத்தனை வருஷமா அழறேன், கேட்டீங்களா? நீங்க என்னைப் பாக்கக்கூடாதுன்னு அணைச்சீங்க. அவரு பாக்க மட்டும் செஞ்சாரு. கேக்கவே ஆளில்லாத வீட்டுக்கு நான் எப்படிச் சொல்றது? அந்தச் சிவப்பு உடுப்பு யாரு எடுத்ததுன்னு வீட்ல கேளுங்க. எல்லா உடுப்பும் யாரு எடுத்ததுன்னு கேளுங்க. கேட்டுட்டு, யாரு முன்மாதிரி, யாரு இல்லைன்னு சாமியார் முன்னாடியே பேசுவோம். நான் தயார்."

டோன்யா நெற்றிப் புடைப்பின் மேல் முடியை மறுபடியும் இழுத்துவிட்டார். தெரியும் போலிருக்கிறது. ரொம்ப நாளாகவே தெரியும் போலிருக்கிறது. டிவியை அணைத்து வைத்ததே அதனால்தானோ?

பாவமாக இருந்ததா? கொஞ்சம். என் கோபத்தைவிடக் குறைவு.

பேனாவைத் திறந்தார். "உன் முழுப் பேரு சொல்லு."

"நெரெய்டா வில்லர்ரியால் காந்து. எழுத்துப் பிழையில்லாம எழுதுங்க."

மே 15, ஞாயிறு

ரொமினா தண்ணீர் பட்டதும் வீறிட்டாள், என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. என் பிள்ளை. இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. எழுதும்போதும் கண் கரிக்கிறது.

வெளியே முற்றத்தில் ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை கான்கிரீட் போடலாமா? வியாழக்கிழமை துணி காயுமா? ஆண்கள்தான் அதிகம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இது புதுசு.

கூட்டம் கலைந்த பிறகு டோன்யா கிராசியேலா வந்தார். குழந்தையின் சரிகையைத் தொட்டு, அழகு என்றார். கொஞ்சம் தயங்கினார்.

"பவுலினாவுக்கு விருந்த மறுபடியும் வைக்கிறோம். வர்ற சனிக்கிழமை. அதே தோட்டம்தான். முன்பணம் குடுத்துட்டோம்." குரல் இறங்கியது. "மழை வருமாம்மா?"

காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சனிக்கிழமை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். ஒரு மேகத்துண்டுகூட இல்லை.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"ஆண்டவர் சித்தம், அம்மா," என்றேன்.

ஒரு வாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.