பெட்டி இன்னும் வரவில்லை

ஜூன் 14
மார்ட்டன் அப்பாவையே வேலைக்கு வைத்துக்கொண்டார்! எங்கள் பராச்சோ ஊரில் செய்யும் கித்தார்களை வாங்கி ஹாலந்தில் விற்பவர். அப்பா ஒவ்வொன்றையும் சோதித்துப் பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். அவருக்கு ஸ்பானிஷ் வராது, அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். அவர் சொன்ன ஒரே விதி: ஈர மரம் கூடாது, அங்கே போனதும் வெடித்துவிடும்.

ஜூன் 29
மழை. நாள் முழுக்க.

ஜூலை 6
நிக்கானோர் ஞானப்பா தான் செய்த கித்தார்களோடு வந்தார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னை ஏந்தி நின்றவர். அன்றிலிருந்து அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்கம்போல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

“என்ன கொம்பாத்ரே, உன் மூக்குக்கு இப்ப சம்பளமாமே? மோந்து பாரு.”

அப்பா கித்தாரின் வட்டத் துளையில் முகம் வைத்து முகர்ந்தார். “இங்கயே இருக்கட்டும் கொம்பாத்ரே. பெட்டி இன்னும் வரல.”

பெட்டிகள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் அடுக்கியிருந்தன! ஞானப்பா போனதும் அப்பா கித்தார்களை அம்மாவின் ரொட்டி அடுப்புக்கு மேலே, பரணில் காய ஏற்றினார். அப்பா ஏன் பொய் சொல்கிறார்?

ஜூலை 11
மார்ட்டன் போன் செய்தார். எல்லாம் காய்ந்த மரம்தானே? அப்பா, “எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லு” என்றார். சொன்னேன். கூடவே நானாக ஒன்று சேர்த்தேன் – நிக்கானோருடையது மட்டும் ஈரம், வீட்டில் வைத்திருக்கிறோம் என்று. உண்மைதானே? என் ஆங்கிலத்தை மெச்சினார்.

ஜூலை 13
மேலே எழுதியதைப் படிக்கவே கூசுகிறது.

‘இனி உங்கள் கித்தார் வேண்டாம், ஈரம் என்று கௌதென்சியோவின் மகள் சொன்னாள்’ – அப்பா பெயரைப் போட்டு, யாரையோ வைத்து ஸ்பானிஷில் எழுதி மார்ட்டன் அனுப்பிய செய்தியை ஞானப்பா சந்தையில் நின்று படித்தாராம். சுற்றிலும் ஆட்கள்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“கொம்பாத்ரேகிட்ட எவனாவது மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லுவானா? பெட்டி வரலன்னா மரம் ஈரம்னு அவனுக்கே புரியும். மரம் காஞ்சதும் அனுப்பியிருப்பேன். ஊர்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப?”

இதே ஊரில்தானே நானும் பிறந்தேன். எனக்கு ஏன் தெரியவில்லை?

ஜூலை 14
தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது ஞானப்பா எனக்கும் கை கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 20
அப்பா மார்ட்டனைப் போனில் கூப்பிட்டார். என்னிடம், “நான் சொல்றத மட்டும் சொல்லு.”

சொன்னேன். “ஈரக் கித்தார் ஒண்ணுகூட உங்களுக்கு வராது. காய வெச்சு அனுப்புறதும் என் வேலைதான். என் மக அவசரப்பட்டுட்டா. நிக்கானோர் வேணாம்னா நானும் வேணாம்.”

என் மகள் அவசரப்பட்டுவிட்டாள் என்பதையும் நானே ஆங்கிலத்தில் சொன்னேன். மார்ட்டன் சரி என்றார்.

ஆகஸ்ட் 9
கதவு தட்டும் சத்தம். திறந்தால் கித்தார்களோடு ஞானப்பா. எங்கள் வீட்டுக் கதவை அவர் தட்டி நான் கேட்டதே இல்லை.

“அப்பா இல்லியா? அப்ப நீயே பாரும்மா.”

முகர்ந்தேன். மழை வாடை.

“இங்கயே இருக்கட்டும் ஞானப்பா,” என்றேன். “பெட்டி இன்னும் வரல.”

என் பின்னால் கூரைவரை அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னை.

“ஆமா, இந்த மழையில பெட்டிக்காரன் எங்க வரப்போறான்.”

காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். கித்தார்களை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினேன்.