முதுகுக்குப் பின்னால் ஒரு கை

மார்ச் 3

என் மகளின் பயிற்சியை நிறுத்தியது அவள் அப்பாதான். வேண்டுமென்று செய்யவில்லை. அதற்காகச் செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

போன வாரம் பரிசோதனை. நான் வேலையில் இருந்தேன். மகளுக்குப் பதினொரு மாதம், பெருமூளை வாதம், முதுகு இன்னும் நிற்கவில்லை. பாயில் உட்கார வைத்ததும், இவர் அவள் சட்டைக்குள் கையை விட்டுத் தாங்கியிருக்கிறார். டாக்டர் தாளிலிருந்து நிமிரவில்லை. 'துணையின்றி உட்காருகிறாள்' – ஒரு டிக். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: வாராவாரம் தரும் பிசியோதெரபி பயிற்சி இனித் தேவையில்லை. அதன்பிறகுதான் இவர் கை வைத்ததைச் சொன்னார்.

"அத்தனை பேர் முன்னாடி அவ தொபுக்குனு விழணுமா?"

"ஆமா, விழணும். அதைக் காட்டத்தானே கூட்டிட்டுப் போனீங்க!"

மார்ச் 4

நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. யாரைப் பார்த்தாலும் முறைப்பதால் மகளுக்கு 'மேனேஜர்' என்று பெயர். இன்று எங்கள் இருவரையும் மாறி மாறி முறைத்தாள்.

மார்ச் 9

நான்கு முறை ஆஸ்பத்திரி படியேறி மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டேன். பயிற்சி தரும் அக்கா தன் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்: "நெஞ்சை ஏன் பிடிக்கிறே? இடுப்பை மட்டும் பிடி. ஆடுறாளா, ஆடட்டும். ஆடித்தான் உடம்பு கத்துக்கும்."

இத்தனை மாதம் நெஞ்சைத்தான் பிடித்திருந்தேன். இவரை மட்டும் திட்டினேனே.

மார்ச் 17

இடுப்பு. ஆட்டம். தலையணை மேல் விழுந்தாள். மறுபடி.

மார்ச் 26

மறுபரிசோதனை. இவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கையை எடுத்தேன்.

விழு, விழுந்து தொலை – இதைத்தான் நினைத்தேன். விழுந்தால்தானே பயிற்சி திரும்பக் கிடைக்கும். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது?

விழவில்லை! ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டாக்டரை முறைத்தபடி தானாக உட்கார்ந்திருந்தாள். பிறகு இடப்பக்கம் சாய்ந்தாள். மூடியிருந்த இடக்கை ஊன்றத் திறக்கவில்லை. பிடித்துக்கொண்டேன்.

"உட்கார்றாளேம்மா. நான் எழுதினது சரிதானே?"

வந்ததே எனக்குக் கோபம்.

"நாலு செகண்டு சார். ஒரு வாய் ஊட்டுறதுக்குள்ள சாஞ்சிடுவா. பயிற்சியால வந்தது, நிறுத்தினா போயிடும். விழுற பிள்ளைக்குத்தான் உதவின்னா, தேறுற பிள்ளை எங்க போகும்? அந்த டிக்கை அழிச்சிட்டு, 'உட்காரக் கத்துக்கிறா'ன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் தாள்ல இல்லம்மா."

அடுத்த குழந்தையை உள்ளே கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. இவர் வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். ஊர் பார்க்க, தரையில், காலை நீட்டிக்கொண்டு.

"கட்டம் போடுங்க டாக்டர்," என்றார்.