பின்பக்கக் கதவில் நகப்பூச்சு வாசனை

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில் பக்கத்தில் நின்ற பெண் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாள். அந்த வாசனையோடு உன் குரலும் வந்தது: "அதுக்கப்புறம் என்னல?"

என்சைம் வடிவமைப்பு பற்றிய ஆன்லைன் குழுவில் பழகினோம். நான் தாராவி, நீ சீத்தா கேம்ப் என்று தெரியவே பல மாதம் ஆனது. இருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என்சைமில் சில அமினோ அமிலக் கண்ணிகளை மாற்றினால் போதும், அது பிறந்ததிலிருந்து பார்த்திராத மருந்தைக்கூடச் செய்யும். கொதிக்கும் அமிலம் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்று நான் குதிப்பேன். நீயோ கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாய்.

"தண்ணில செஞ்சாச்சு, சரி. மருந்த அதுலருந்து எத ஊத்திப் பிரிச்சான்? ஊத்துனது எங்க போச்சு?"

"ஏட்டி, ஒனக்கு எதுலயும் சந்தேகந்தானா?"

"என்சைம் மேல இல்லல. அதப் பத்திப் பேசுத வாய் மேலதான்."

போன மழையில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. போன வாரம் என் யூடியூப் சேனலைப் பார்த்து ஒரு மருந்துக் கம்பெனி கூப்பிட்டது. அவர்களின் என்சைம் முறை பற்றி ஒரு வீடியோ. பிடித்துப்போனால் லேபில் வேலை, டிகிரி கேட்கமாட்டார்களாம். படம்பிடிக்கப் போன இடத்தில், பெரிய கலனுக்குள் பால்போலக் கலங்கிய நீர் மெல்லச் சுழன்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நாம் திரையில் மட்டுமே பார்த்தது அது. அப்போதுதான் பின்பக்கக் கதவு திறந்தது. இதே நகப்பூச்சு வாசனை; நகப்பூச்சிலும் இருக்கும் கரைப்பானுடையது.

"அங்க என்ன சார்?" சுற்றிக்காட்டிய கம்பெனி அதிகாரியைக் கேட்டேன்.

"சும்மா, பிரிச்செடுக்குற இடம். கேமரா பந்த் கரோ பாய், அணைச்சிருங்க."

"மருந்தக் கரைச்சுப் பிரிச்ச பிறகு அந்த சால்வன்ட் எங்க போகுது?"

அவர் சிரித்தார். "நீங்க என்சைம் பத்தி மட்டும் பேசுங்க."

ஒழுங்காக மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்களோ என்னவோ. தெரியாது. ஆனால் வீடியோவில் 'கழிவே இல்லை' என்று சொல்லும்படி நேற்று கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது.

வந்த ரயிலை விட்டுவிட்டு, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து வீடியோவைத் திருத்தினேன். கதவுக்குப் படம் இல்லை. அந்த இடத்தில் கறுப்புத் திரையும், 'ஊத்துனது எங்க போச்சு?' என்ற உன் கேள்வியும், பதில் கிடைக்கவில்லை என்ற ஒரு வரியும். என்சைமை மட்டும் ஆசைதீரப் புகழ்ந்திருக்கிறேன்.

லேப் இனி கூப்பிடாது. கம்பெனிக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் உன்னைப்போல கடைசியிலிருந்து பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் நானே 'முழுக்கச் சுத்தம்' என்று சொல்லியிருந்தேன். அதையும் வெட்டினேன்.